ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஒரு ஜோடி நைலான் புஷ்ஷும்

காரில் இரண்டு இரும்புப் பாகங்கள் சேர்ந்து அசையும் இடத்தில் பெரும்பாலும் நடுவில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதுதான் புஷ். தேய்வதுதான் அதன் வேலை. விலை அதிகமான பாகம் தேயாமல் இருக்க இது தேய்ந்துகொடுக்கும், நாம் மாற்றிக்கொள்வோம். சரி, கார் கம்பெனியே மூடிவிட்டால்? பழைய புஷ்ஷைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் கொடுங்கண்ணே" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். அந்த "இதே மாதிரி" எவ்வளவு வில்லங்கமான வார்த்தை என்பதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953ல் அதை பி.எம்.சி. வாங்கிவிட்டது. போட்டிக் கம்பெனியிடம் பாடி வாங்கி எத்தனை நாள் தொழில் நடத்த முடியும்? மற்றவர்கள் சேஸிஸும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பின்னோக்கிப் போனார்: தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கும் துண்டு துண்டான பாடி. வடிவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கலோட்டி. 1959ல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வெளிவந்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். துண்டுகளாகக் கப்பலேற்றி வேறு நாட்டில் பூட்டுவதற்கு இதைவிட வசதியான கார் கிடையாது. 1961ல் நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரிக்க ஆரம்பித்தது.

அந்தக் காரின் பெருமைகளில் ஒன்று, அதற்கு அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டாம் என்பது. அதற்கு முந்தைய தலைமுறைக் கார்களில் மூட்டுக்கு மூட்டு வெண்கல புஷ், உள்ளே உருக்குப் பின், வெளியே கிரீஸ் நிப்பிள். கிரீஸ் கன்னோடு காருக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். மறந்தால் மூட்டு போச்சு. இதற்கு மாற்றாக வந்ததுதான் ரப்பர் புஷ். பெல்ஜியப் பொறியாளர் லியோன் தீரியின் சைலன்ட்பிளாக் அதில் முன்னோடி. வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே சிறிய குழாய் ஒன்று, நடுவில் அழுத்தித் திணித்த ரப்பர். இதில் எதுவும் வழுக்குவதில்லை. உள் குழாய் ஒரு பாகத்தோடு இறுகியிருக்கும், வெளிக் குழாய் இன்னொன்றோடு. அசைவு வரும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப வரும், அவ்வளவுதான். வழுக்கல் இல்லாத இடத்தில் கிரீஸுக்கு என்ன வேலை?

பட்டறையில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். நம் டர்னர்கள் கெட்டிக்காரர்கள். வெர்னியரில் உள் விட்டம், வெளி விட்டம், நீளம் மூன்றையும் எடுத்து, கன்மெட்டலில் அச்சு அசலாக ஒரு புஷ் கடைந்து கொடுப்பார்கள். லாரியின் கிங்பின்னுக்கு அது சரியான வைத்தியம். ஹெரால்டின் விஷ்போனில் அதே கன்மெட்டலைப் போட்டால், முறுக்கிக்கொண்டிருந்த மூட்டு வழுக்கும் மூட்டாகிவிடும். கிரீஸ் போக வழி கிடையாது, ஏனென்றால் அந்த மூட்டில் நிப்பிளே வைக்கவில்லை. ரோட்டின் ஒவ்வொரு அடியும் நேரே சேஸிஸுக்குப் போகும். அளவு அத்தனையும் சரி, வேலை மட்டும் வேறு. பாலியூரித்தேன் புஷ் போடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அது நல்ல பொருள்தான், ஆனால் அதுவும் பெரும்பாலும் வழுக்கித்தான் வேலை செய்யும். கிரீஸ் காய்ந்தால் கீச்கீச் என்று கத்தும்.

ரப்பரிலேயே வார்க்கலாம் என்றால், பழைய புஷ் பொய் சொல்லும். ரப்பர் வருஷக்கணக்கில் காற்றில் இறுகியிருக்கும், ஆயில் பட்ட பக்கம் ஊதிப்போய் மெத்தென்று இருக்கும். ஷோர் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரே புஷ்ஷில் இரண்டு இடத்தில் இரண்டு எண் வரும். அதில் எதுவுமே புதிதாக இருந்தபோது இருந்த எண் கிடையாது. அளவும் அப்படித்தான், ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். ஆகவே பழைய புஷ்ஷை ஓரமாக வைத்துவிட்டு அது உட்கார்ந்திருந்த துளை, அதற்குள் போகும் போல்ட், இரு பக்கமும் பிடிக்கும் பிராக்கெட்டின் இடைவெளி, இவற்றை அளக்க வேண்டும். இவை அவ்வளவாகத் தேயாதவை. வரைந்தவர் மனதில் என்ன இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கிற சாட்சி அவைதான்.

வார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சூட்டில் பதமான ரப்பர் ஆறும்போது சுருங்கும், தோராயமாக நூற்றுக்கு இரண்டு பங்கு. இரண்டு இரும்புக் குழாய்க்கு நடுவே ஒட்டிக்கொண்ட ரப்பர் சுருங்கினால் உள்ளுக்குள்ளேயே இழுபட்டு நிற்கும். இழுபட்ட ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். அதனால் பெரிய தொழிற்சாலைகளில் ஆறிய பிறகு வெளிக் குழாயைச் சற்று நெருக்கி, ரப்பரை அமுக்கத்துக்குக் கொண்டுவருவார்கள். சின்னப் பட்டறையில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு படிதான். புது புஷ் ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

இனி நைலானுக்கு வருவோம். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஹெரால்டின் முன்சக்கரத்துக்குக் கீழே ட்ரனியன் என்று ஒரு பித்தளை நிறக் கட்டை உண்டு. சக்கரத்தைத் தாங்கும் உருக்குத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும், அது இந்தக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பினால் தண்டு மரையில் ஏறி இறங்கும். வலப் பக்கத்துக்கு வலது மரை, இடப் பக்கத்துக்கு இடது மரை. இந்த மரைக்குக் கியர் ஆயில் விடச் சொல்கிறது கம்பெனிக் கையேடு. சர்வீஸ் ஸ்டேஷனில் எல்லாவற்றுக்கும் ஒரே கிரீஸ் கன்தான். ஆயிலா கிரீஸா என்று ஹெரால்ட்காரர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள், நான் ஆயில் கட்சி. கெட்டியான கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, தண்ணீர் இறங்கிவிடும். துரு பிடித்த தண்டு மரை தொடங்கும் இடத்தில் முறிந்தால் சக்கரம் காருக்கு அடியில் மடங்கிவிடும்.

அதே கட்டையில் குறுக்கே ஒரு துளை. அதில் இரு பக்கமும் விளிம்பு வைத்த நைலான் புஷ், உள்ளே உருக்குக் குழாய், அதற்குள் விஷ்போன் போல்ட். போல்ட்டை இறுக்கும்போது அழுத்தம் முழுவதும் உருக்குக் குழாயில் விழ வேண்டும், நைலான் அதன்மேல் சுதந்திரமாகச் சுற்ற வேண்டும். குழாய் ஒரு மயிரிழை குட்டையானாலும் நைலான் விளிம்பு நசுங்கி மூட்டு விறைத்துக்கொள்ளும். நீளமானால் ஆட்டம் கொடுக்கும். அதனால் புஷ்ஷையும் குழாயையும் ஒரே செட்டாகத்தான் செய்ய வேண்டும். புஷ்ஷை மட்டும் கடைந்து வாங்குவது வீண் செலவு.

நைலான் தண்ணீர் குடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நைலான் 6 சாதாரண ஈரக் காற்றிலேயே தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் ஈரத்தை வாங்கும், தண்ணீரிலேயே ஊறினால் 9 சதவீதம் வரை போகும். வாங்கினால் ஊதும். வெளியே உலோகத் துளை தடுப்பதால் உள்பக்கம்தான் ஊத முடியும், துளை சுருங்கும். மே மாதத்தில் கச்சிதமாகக் கடைந்த புஷ் ஐப்பசி மழையில் உருக்குக் குழாயைக் கவ்விப் பிடிக்கும். டெல்ரின் என்கிற அசிட்டால் பிளாஸ்டிக் இதில் ஒரு சிறு பங்கு ஈரம்தான் குடிக்கும். என்னைக் கேட்டால் இந்த ஒரு இடத்தில் மூலப்பொருளை மாற்றுவது தப்பே இல்லை.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் இதே வகை ட்ரனியன்தான். அந்தப் புண்ணியத்தில் முன்பக்க புஷ்கள் இங்கிலாந்தில் இன்றும் தயாராகின்றன. காசும் பொறுமையும் இருந்தால் வரவழைத்துவிடலாம். பாவம், கேஸல் வைத்திருப்பவர்கள்தான். 1972ல் வண்டலூர்க்காரர்கள் ஹெரால்டின் தனித்தனியாக ஆடும் பின்சக்கர அமைப்பை விட்டுவிட்டு, ஒரே அச்சுப் பின்பக்கத்தோடு கேஸலைக் கொண்டுவந்தார்கள். அது இந்தியாவுக்கென்றே செய்த கார், இங்கிலாந்தில் ஓடவே இல்லை. அந்தப் பின்பக்கத்துக்கு அங்குள்ள கடைகளை நம்ப முடியாது. கம்பெனியும் ஸ்டாண்டர்ட் 2000 தோல்விக்குப் பிறகு 1980களின் இறுதியில் முடங்கிவிட்டது. கேஸலுக்குத் துளையை அளந்து திரும்பக் கண்டுபிடிப்பதே வழி. அளந்தவர்கள் அந்த எண்களை எங்காவது எழுதி வைத்தால் அடுத்தவருக்கு உதவும்.

கடைசியாக ஒரு விஷயம், எந்தக் கடையில் வாங்கிய ரப்பர் புஷ்ஷாக இருந்தாலும் சரி. ஜாக்கியில் தூக்கிய நிலையில் விஷ்போன் போல்ட்டுகளை முழுக்க இறுக்காதீர்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், நின்ற இடத்திலேயே கிழிய ஆரம்பிக்கும். கைப்பிடியாக மாட்டிவிட்டு, காரைத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, பிறகு அடியில் படுத்து இறுக்குங்கள்.