மிச்ச ஆண்டுகளின் சந்தை: சிங்கப்பூரில் பழைய பயண பைக்குகளின் வரலாறு

சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டாரத்துக்குத் தென்புறம் ஓடும் ஆயர் ராஜா விரைவுச்சாலை மேற்கே துவாஸ் சோதனைச்சாவடியில் போய் முடிகிறது. 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தை அங்கே கடந்தால் ஜொகூர். அதன் பிறகு தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாம் வரை மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 750 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அந்த நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மட்டுமே நீளமுள்ள ஒரு தீவில், கரடுமுரடான நெடும்பயணத்துக்கென்று செய்யப்பட்ட அட்வெஞ்சர் பைக்கை வாங்குவதே வீண் ஆடம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் பழையதாக, அதிகம் பேர் வாங்காத மாடலாகத் தேடி வாங்குவதை வெறும் பித்து என்கிறார்கள். இந்த எண்ணம் தவறு. சிங்கப்பூரின் வாகனச் சட்டமும் உரிம விதிகளும் எல்லைக்கு அப்பாலுள்ள சாலையும் சேர்ந்துதான் இந்தப் பழக்கத்தை உருவாக்கின. அந்த மூன்றையும் அருகே வைத்துப் பார்த்தால், பழைய பயண பைக்கை வாங்குபவர் கணக்குத் தெரிந்தே வாங்குகிறார் என்பது விளங்கும்.

முதலில் சாலையின் கதை. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம் இந்தத் தீவை ஆசியக் கண்டத்தோடு தரைவழியாக இணைத்தது. அன்று முதல் சிங்கப்பூர் ஒரு பெருஞ்சாலையின் தென்கோடி. 1955-இல் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட்ரோவர்களில் புறப்பட்ட ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஐரோப்பா, இந்தியா, பர்மா வழியாக 1956 மார்ச்சில் வந்து சேர்ந்த இடம் சிங்கப்பூர்தான். தரையில் வண்டி போகக்கூடிய வழி அங்கே முடிந்துவிடுவதால் அவர்கள் இந்த ஊரை இலக்காகக் கொண்டார்கள். 1965-இல் சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டு நாடுகள் ஆயின. 1967-இல் கடற்பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. ஆனாலும் உறவுகள் அறுந்துபோகவில்லை. ஈப்போவிலும் கிள்ளானிலும் சுங்கை சிப்புட்டிலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் இருக்கிற சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு வடக்கே போகும் சாலை சுற்றுலாப் பாதை மட்டுமாக இருந்ததில்லை. கல்யாணம், கருமாதி, பத்துமலைத் தைப்பூசம் என்று போய்வந்த வழி அது. 1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றதும் அந்தப் போக்குவரத்து விரைவானது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து துவாஸ் பாலம் வந்தபோது, தீவின் வடகோடி உட்லண்ட்ஸ் வரை போகாமலே எல்லை தாண்டும் வசதி புக்கிட் மேராவாசிகளுக்குக் கிடைத்தது.

அட்வெஞ்சர் பைக் என்ற வகை இந்தச் சாலையைவிட இளையது. 1978 டிசம்பரில் முதன்முறையாக பாரிஸிலிருந்து டக்கார் நோக்கிப் புறப்பட்ட பாலைவனப் பந்தயம் அதற்கு விதை. 1980-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர்80ஜி/எஸ் என்ற 800 சிசி பைக்கைக் கொண்டுவந்தது. மண்பாதை பைக்கின் உயரமும் நெடுஞ்சாலை பைக்கின் இருக்கையும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அடுத்த ஆண்டே அந்தக் குடும்பத்து பைக் ஒன்று டக்கார் பந்தயத்தை வென்றது. ஹோண்டா டிரான்ஸால்ப், ஆப்பிரிக்கா டுவின் என்று ஜப்பானிய மாடல்கள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வரிசையாக வந்தன. சிங்கப்பூரில் பாலைவனம் இல்லை. மண்பாதைகூடத் தேட வேண்டும். ஆனால் இந்த வகையின் உண்மையான பயன் மணலில் இல்லை. நிமிர்ந்து உட்காரும் இருக்கை, பெரிய பெட்ரோல் தொட்டி, நீளமான ஷாக் அப்சார்பர், இருபுறமும் பெட்டி மாட்டும் சட்டம் ஆகியவை ஒரே நாளில் 600 கிலோமீட்டர் போகிறவருக்குத்தான் வேண்டும். நீண்ட சாலை எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊரில், இந்தப் பைக்குக்கு ஆள் சேர்ந்தது இயல்பே.

இனி சட்டத்தின் கதை. 1990 மே மாதம் சிங்கப்பூர் வாகன ஒதுக்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. புதிய வண்டி வாங்க, ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். சிஓஇ என்று எல்லாரும் சொல்லும் அந்தச் சான்றிதழின் ஆயுள் பத்தாண்டு. அதன் பிறகும் வண்டியை வைத்திருக்க நினைத்தால், முந்தைய மூன்று மாத ஏலவிலைகளின் சராசரியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2010-களின் தொடக்கத்தில் மோட்டார்சைக்கிள் சான்றிதழ் ஓரிரண்டாயிரம் வெள்ளியில் கிடைத்தது. 2018 பிப்ரவரியிலிருந்து மோட்டார்சைக்கிள்களின் வளர்ச்சி விகிதம் சுழியமாக்கப்பட்டது. 2022 நவம்பரில் சான்றிதழ் விலை 13 ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 150 சிசி பைக்குக்கும் 1,200 சிசி பைக்குக்கும் சான்றிதழ் விலை ஒன்றே. பத்தாண்டுக்குள் கழித்துக்கட்டும் கார்காரருக்குக் கிடைக்கும் வரிக் கழிவும் மோட்டார்சைக்கிளுக்கு இல்லை. ஆகவே பத்தாவது ஆண்டில் காரைக் கொண்டுபோய்க் கழித்துக்கட்ட ஒரு தூண்டுதல் இருக்கிறது. பைக்கைப் பொறுத்தவரை அது கிடையாது. நன்றாக ஓடும் பைக்கைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே லாபம் என்று பலர் முடிவெடுத்ததற்கு இதுதான் காரணம்.

இதன் விளைவாக, சிங்கப்பூரில் பழைய பைக்கின் விலையை இரும்பின் வயதைவிடச் சான்றிதழில் மிச்சமுள்ள ஆண்டுகளே முடிவு செய்கின்றன. மற்ற ஊர்களில் பழைய பைக் வாங்குபவர் முதலில் எஞ்சினைத் தட்டிப் பார்ப்பார். இங்கே முதலில் பதிவு விவரத்தில் சான்றிதழ் முடியும் தேதியைப் பார்ப்பார்கள். விலையை மிச்ச மாதங்களால் வகுத்து, மாதத்துக்கு எத்தனை வெள்ளி என்று கணக்கிடுவார்கள். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்ப்பது. எஞ்சினுக்கு அடியில் உள்ள காப்புத் தகட்டில் அடிபட்ட பள்ளம் இருக்கிறதா, முன்சக்கரத்தின் ஆரக்கம்பிகள் ஒரே சீராக இறுகியிருக்கின்றனவா, முன் ஃபோர்க்கின் குழாயில் எண்ணெய் கசிந்த வளையம் தெரிகிறதா, ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு தடை தட்டுகிறதா, செயின் பல்சக்கரத்தின் பற்கள் சுறாத் துடுப்புபோல் சாய்ந்து தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். எல்லாரும் ஓட்டும் மாடலுக்கு உணவு விநியோகம் செய்பவர், வேலைக்குப் போகிறவர் என்று எப்போதும் ஆள் இருப்பதால் அதன் மிச்ச ஆண்டுகளுக்கு நல்ல விலை. உயரமான, பருமனான, உதிரிபாகம் தேட வேண்டிய பயண பைக்குக்கு வாங்குபவர் குறைவு. ஆகவே அதே மிச்ச ஆண்டுகள் அதில் மலிவாகக் கிடைக்கின்றன. அதிகம் பேர் விரும்பாத மாடலைத் தேடுபவர், அந்த மலிவைத்தான் தேடுகிறார்.

மூன்றாவது காரணம் உரிமப் படிகள். சிங்கப்பூரில் 200 சிசி வரை 2பி, 400 சிசி வரை 2ஏ, அதற்கு மேல் 2 என்று மூன்று வகுப்புகள். ஒரு படியில் குறைந்தது ஓராண்டு நின்றுதான் அடுத்த படிக்குப் போக முடியும். இந்த ஏணி தமிழ்நாட்டில் செய்யப்பட்ட இரண்டு பைக்குகளை எப்படிப் பிரிக்கிறது என்று பாருங்கள். ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் உருவான பிஎம்டபிள்யூ ஜி310ஜிஎஸ் 313 சிசி. அது 2ஏ வகுப்பில் அடங்கிவிடும். சென்னையை அடுத்த ராயல் என்ஃபீல்டு ஆலைகளிலிருந்து 2016-இல் வெளிவந்த முதல் ஹிமாலயன் 411 சிசி. வெறும் பதினோரு சிசி கூடியதால் அதை ஓட்ட உச்ச வகுப்பு வேண்டும். அதன் திறனோ ஏறத்தாழ 24 குதிரைத்திறன்தான். அதைவிடக் கிட்டத்தட்ட 20 குதிரைத்திறன் கூடுதலாக உள்ள 373 சிசி கேடிஎம் 390 அட்வெஞ்சரை 2ஏ உரிமத்திலேயே ஓட்டலாம். ஐரோப்பாவில் இடைநிலை உரிமத்துக்கு 35 கிலோவாட் என்ற திறன் அளவே வரம்பு. அங்கே ஹிமாலயன் அந்த வரம்புக்குள் வசதியாக அடங்கும். சிங்கப்பூரில் ஹிமாலயனை வாங்குபவர், எந்தப் பெரிய பைக்கையும் ஓட்டும் தகுதி பெற்ற பிறகு இந்த அடக்கமான பைக்கைத் தேர்ந்தெடுக்கிறார். வேகமும் அந்தஸ்தும்தான் நோக்கம் என்றால் அவர் கை வேறு பக்கம் போயிருக்கும். 21 அங்குல முன்சக்கரமும் எளிய காற்றுக்குளிர் எஞ்சினும் ஊர் ஊராகப் போகும் பயணத்துக்குப் போதும் என்று அவர் கணக்கிட்டிருக்கிறார்.

இப்படி வாங்கிய பைக்கை ஓட வைப்பது பட்டறை. புக்கிட் மேராவின் அலெக்ஸாண்ட்ரா வட்டாரத்தின் தொழில் மரபு வாகனங்களுக்கும் முந்தியது. அங்கிருந்த அலெக்ஸாண்ட்ரா செங்கல் சூளையில் வேலை செய்த தமிழர்கள் 1913-இல் எழுப்பிய காளியம்மன் வழிபாட்டிடம்தான், 1983-இல் டெப்போ ரோட்டுக்கு இடம்பெயர்ந்து இன்று ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயமாக நிற்கிறது. சூளைகள் மறைந்த பிறகு லெங் கீ சாலையில் கார் விற்பனைக் கூடங்களும் அலெக்ஸாண்ட்ரா வில்லேஜில் வாகனப் பட்டறைகளும் பெருகின. நகர மையத்தின் மறுபக்கம், தேக்காவை ஒட்டிய ஜாலான் பெசார் சந்துகளில் மோட்டார்சைக்கிள் கடைகளும் உதிரிபாகக் கடைகளும் இருந்தன. பக்கத்தில் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை வரை நடந்தது. இந்தக் கடைகளின் மதிப்பு அவற்றின் சரக்கில் மட்டும் இல்லை. நிறுவனம் உற்பத்தியை நிறுத்திய மாடலின் கிளட்ச் கேபிளுக்கு எந்த மாடலின் கேபிள் பொருந்தும், எந்த பேரிங்கின் எண்ணைக் கேட்டால் வெளிக்கடையில் கிடைக்கும் என்ற அறிவை எந்தக் கையேடும் எழுதி வைக்கவில்லை. அதிகம் பேர் ஓட்டாத பைக்குகள் பட்டறைக்கு வந்துகொண்டிருக்கும் வரைதான் அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகும்.

பழைய பயண பைக் வாங்கும் பழக்கத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது முதல் வாதம். புதிய பெரிய பைக்கைப் பொறுத்தவரை அது சரி. 2017-இல் பதிவுக் கட்டணம் அடுக்கடுக்காக உயர்த்தப்பட்டு, திறந்த சந்தை மதிப்பில் 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 100 விழுக்காடு ஆன பிறகு அவை எட்டாத உயரத்துக்குப் போயின. ஆனால் அந்தச் சுமை முதல் வாங்குநரின் தலையில்தான் விழுகிறது. இரண்டாம், மூன்றாம் கையாக வாங்குபவர் மிச்ச ஆண்டுகளுக்கு மட்டும் பணம் கொடுக்கிறார். சாதாரணச் சம்பளக்காரர் இந்தப் பயணத்தில் சேர முடிவது பழைய பைக் சந்தையால்தான். இரண்டாவது வாதம் பாதுகாப்பு. வாகனங்களில் ஏழில் ஒரு பங்கு அளவே உள்ள மோட்டார்சைக்கிள்கள் தொடர்பான மரணங்கள், சாலை மரணங்களில் ஏறத்தாழப் பாதி. இதைச் சின்ன விஷயமாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் ஆபத்து எல்லா பைக்குக்கும் பொதுவானது. வேகத்துக்காகச் செய்யப்படாத, தூரம் பார்க்க உயரமான இருக்கையுள்ள பைக்கை, மூன்று படி உரிமம் முடித்தவர் ஓட்டுவதை அந்த ஆபத்தின் மையமாகக் காட்டுவது நியாயமில்லை. பழைய பைக்கின் பிரேக்கும் டயரும் முறையாகப் பராமரிக்கப்பட வேண்டும் என்பது சரியான கோரிக்கை. அதற்கும் நல்ல பட்டறைதான் வழி.

மூன்றாவது வாதம்தான் வலுவானது: புகை. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓடக் கூடாது என்று 2018-இல் அரசு அறிவித்தது. முன்கூட்டியே கழித்துக்கட்டியவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் கொடுத்தது. நெருக்கமாக வாழும் நகரில் மூச்சுக்காற்றைக் காப்பது அரசின் கடமை. தினமும் ஓடும் பழைய பைக்குகளுக்கு இந்த விதி தேவைதான். ஆனால் விதியில் ஓர் இடைவெளி இருக்கிறது. 35 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு, ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் ஓட்ட அனுமதிக்கும் பழம்பெரும் வாகனத் திட்டம் உண்டு. அந்தத் திட்டத்தில் உள்ளவற்றுக்கு 2028 கெடு பொருந்தாது. ஆகவே 1980-களின் பைக் பிழைத்துக்கொள்ளும். 1993-க்கும் 2003-க்கும் இடையில் செய்யப்பட்டது, 35 வயது ஆகும் முன்பே சாலையை விட்டுப் போக வேண்டும். ஆப்பிரிக்கா டுவின் 750-இன் பிற்காலப் பதிப்புகளும் பிஎம்டபிள்யூவின் முதல் எஃப்650 பைக்குகளும் இந்தப் பத்தாண்டின் பிள்ளைகள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் துவாஸ் பாலமும் திறந்த காலத்தின் வண்டிகள் அவை. சிங்கப்பூரின் நெடும்பயண வழக்கம் உருவான தலைமுறை மட்டும் சாட்சி இல்லாமல் போகும்.

இதைச் சரிசெய்வது கடினமில்லை. அந்த இடைப்பட்ட பத்தாண்டின் பைக்குகளில் நல்ல நிலையில் உள்ள சிலவற்றை, 35 வயது ஆகும்வரை காத்திருக்க வைக்காமல், நாள் வரம்புள்ள அதே திட்டத்துக்குள் சேர்க்கலாம். ஆண்டில் சில நாட்கள் ஓடும் சில நூறு பைக்குகளால் காற்று கெட்டுவிடாது. தினசரிப் பயணத்துக்கு அவற்றைப் பயன்படுத்தவும் முடியாது. கூடவே ஜாலான் பெசாரிலும் புக்கிட் மேராவிலும் இன்றும் கைவேலை செய்யும் மெக்கானிக்குகளின் அறிவை, உணவங்காடிக் கலையையும் கைவினையையும் பதிவு செய்வது போலவே தேசிய மரபுடைமைக் கழகம் பேட்டிகளாகப் பதிவு செய்யலாம். சுமார் 140,000 மோட்டார்சைக்கிள்கள் உள்ள நாட்டில் இந்தப் பைக்குகள் சிறு துளி. ஆனால் சின்னத் தீவின் மக்கள், தங்கள் மேல் விழுந்த ஒவ்வொரு விதியையும் கணக்குப் போட்டு, அந்த விதிகளுக்குள்ளேயே ஒரு கண்டத்தின் சாலையைத் தமக்குரியதாக்கிக்கொண்ட வரலாறு இவற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றை 2028-க்கு முன் எழுதிவிட வேண்டும். பிறகு எழுத முனைந்தால் காட்டுவதற்கு வண்டியும் இருக்காது, கேட்பதற்கு அதைப் பழுதுபார்த்தவரும் இருக்க மாட்டார்.