நான்கு குவார்க்கா, இரண்டு மீசனா?

புரோத்தன் மூன்று குவார்க்குகளால் ஆனது. மீசன், ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த சோடி. மரே ஜெல்-மான் 1964இல் இக்கருத்தை வெளியிட்ட சிறு கட்டுரையிலேயே, இரண்டு குவார்க்குகளும் இரண்டு எதிர்க்குவார்க்குகளும் கூடும் வாய்ப்புக்கும் இடம் வைத்திருந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த இடத்தை ஐயமின்றி நிரப்ப எவராலும் இயலவில்லை.

2003இல் யப்பானின் சுக்குபா நகரில் பெல் ஆய்வுக்குழு எக்ஸ்(3872) என்ற துகளைக் கண்டது. திணிவில் புரோத்தனின் நான்கு மடங்குக்குச் சற்று அதிகம். வியப்பு அதுவன்று, டி, டி-ஸ்டார் என்னும் இரு நடுநிலை மீசன்களின் கூட்டுத் திணிவோடு அது அச்சொட்டாகப் பொருந்தியது. தகராறு அங்கேதான் தொடங்கியது.

திருகோணமலைக் கோட்டை மேட்டிலிருந்து இரவில் கடலைப் பார்ப்பவருக்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். தொலைவில் நால்வர் தெரிகின்றனர். அவர்கள் ஒரே வள்ளத்தில் இருக்கின்றனரா, இவ்விருவராக ஏறிய இரண்டு வள்ளங்கள் கயிற்றால் பிணைக்கப்பட்டுள்ளனவா? முன்னையது இறுக்கமான நாற்குவார்க்கு நிலை. பின்னையது மீசன் மூலக்கூறு. லூசியானோ மையானியும் தோழர்களும் 2005இல் முன்னையதை வாதிட்டனர். பின்னையதற்கும் ஆதரவாளர் குறைவில்லை.

2013இல் பீஜிங்கின் பெஸ் குழுவும் பெல் குழுவும் இசட்சி(3900) துகளை அறிவித்தன. அதற்கு மின்னேற்றம் இருந்தது. சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தால் மின்னேற்றம் பூச்சியம். ஆகவே உள்ளே வேறிரண்டும் இருந்தே தீர வேண்டும். எனினும் வள்ளம் ஒன்றா இரண்டா என்பதை அதுவும் தீர்க்கவில்லை. 2020இல் ஜெனீவாவில் தென்பட்ட எக்ஸ்(6900) நான்கும் சார்ம் வகையாகவே விளக்கப்படுகிறது. இலகு குவார்க்குகளே இல்லாத இடத்தில் மூலக்கூறுக்கான கயிறு எங்கிருந்து வரும்? என் பார்வையில் இறுக்க வாதத்துக்கு மிக வலுவான சான்று இதுவே.

இவ்விவாதத்தில் சென்னைக்கும் பங்குண்டு. அல்லாடி இராமகிருஷ்ணன் 1962இல், குவார்க் என்ற சொல் பிறக்கும் முன்னரே, தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தின் பத்மநாத், மும்பை டாட்டா நிறுவனத்தின் நீல்மணி மாத்தூர் முதலியோர் 2024இல் ஒரு கணிப்பை வெளியிட்டனர். பொட்டம், சார்ம் என்ற இரு கனத்த குவார்க்குகளோடு இரு இலகு எதிர்க்குவார்க்குகள் சேரும் கூட்டு, ஏறத்தாழ 43 மெகா இலத்திரன் வோல்ற்று ஆழத்தில் பிணைந்திருக்கும் என்பது அதன் முடிவு. ஒற்றை வள்ளம், இரட்டை வள்ளம் ஆகிய இரு படிமங்களையும் சேர்த்தே கணித்தமை அதன் சிறப்பு. அத்துகள் இன்னும் எந்த ஆர்முடுக்கியிலும் சிக்கவில்லை.