வானம் நீலம்... அதனால கடலும் நீலமா?

கடற்கரைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிற எல்லா அப்பாக்களும் ஒருநாள் மாட்டிக்கொள்கிற கேள்வி இது... ‘‘கடல் ஏம்ப்பா நீலமா இருக்கு?’’

நம்மிடமும் ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது. ‘‘மேல வானம் நீலமா இருக்குல்ல... அது தண்ணியில தெரியுது. அவ்வளவுதான். சுண்டல் சாப்பிடறியா?’’

இந்தப் பதிலைக் கேலி செய்துவிட வேண்டாம். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு பெரிய பெரிய விஞ்ஞானிகளும் இதைத்தான் சொன்னார்கள். முக்கியமாகச் சொன்னவர், 1904-ல் நோபல் பரிசு வாங்கிய இங்கிலாந்து மேதை லார்ட் ரேலே. வானம் ஏன் நீலம் என்பதை விளக்கியவரே அவர்தான். அவர் தீர்ப்புக்கு அப்பீல் ஏது?

அப்பீல் செய்தார் ஒரு தமிழர். 1921-ல், கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி. அப்போது சி.வி.ராமனுக்கு வயது 32.

அந்த வயதில் நம்மில் பலர் கேள்வி கேட்பதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருக்கும். ராமனுக்கும் நிறுத்திவிட எல்லாக் காரணங்களும் இருந்தன. 1888-ல் திருச்சியில் பிறந்தவர், 18 வயதிலேயே எம்.ஏ. முடித்தார். இந்திய நிதித்துறைத் தேர்வில் முதலிடம். 1907-ல் கல்கத்தாவில் அசிஸ்டென்ட் அக்கவுன்டென்ட் ஜெனரல்! அந்தக் காலத்தில் ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பற்று, வரவு பார்த்துக்கொண்டே பென்ஷன் வரைக்கும் போயிருக்கலாம்.

ஆனால், ஒருநாள் டிராமில் போகும்போது பவுபஜார் தெருவில் ஒரு போர்டு கண்ணில் பட்டது. ‘இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்’. மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இடம். அப்போது ஆராய்ச்சி செய்ய ஆளில்லாமல் கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டிருந்தது. ராமன் உள்ளே நுழைந்தார்.

அப்புறம் அவர் மனைவி லோகசுந்தரிக்கு வீட்டில் கணவரைப் பார்ப்பதே அபூர்வமாகிப்போனது. விடிகாலை ஐந்தரைக்குக் கழகம். பத்து மணி வாக்கில் ஓடிவந்து குளித்து, அவசரமாக நாலு வாய் சாப்பிட்டு ஆபீஸ். சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக மறுபடியும் கழகம். வீடு திரும்ப ராத்திரி பத்தாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை? முழுநாளும் அங்கேதான்!

அப்படி என்ன செய்தார்? ஊரார் கண்ணுக்கு, விளையாடினார். வயலினைத் தானாக வாசிக்க வைக்க ஒரு இயந்திரம் செய்தார். மிருதங்கத்தின் நடுவே கறுப்பாக இருக்கிறதே கரணை... அது எதற்கு என்று தட்டித் தட்டிப் பார்த்தார். சாதாரண முரசில் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று சேராமல் இரைச்சலாகிவிடும். கரணையின் எடைதான் அவற்றை சுருதிக்குள் கட்டிப்போடுகிறது என்று 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இதற்குள், 1917-லேயே அரசாங்க வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியராகிவிட்டிருந்தார். வரவு செலவு தெரிந்தவர், தெரிந்தே எடுத்த நஷ்டம்!

1921-ல் பல்கலைக்கழக மாநாட்டுக்காக முதல்முறையாக இங்கிலாந்து போனார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில், சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கும் மாடம் ஒன்று உண்டு. எல்லோரும் கிசுகிசுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள். ராமன் அங்கேயும் சோதனை செய்ய ஆரம்பித்துவிட்டார். அந்த மாடத்துக்கும் ரேலே ஏற்கெனவே விளக்கம் எழுதியிருந்தார் என்பது வேறு விஷயம்!

திரும்பும்போது ‘நர்குண்டா’ கப்பல். மத்தியதரைக் கடலின் அடர் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. நாமாக இருந்தால், ‘அடடா, என்ன அழகு!’ என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போயிருப்போம். ராமன் சட்டைப்பையில் ஒரு சின்ன நிக்கல் பட்டகம் வைத்திருந்தார். அதைச் சரியான கோணத்தில் பிடித்துத் திருப்பினால், நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை மறைத்துவிடலாம். அதாவது, கடலில் தெரியும் வானத்தை அழித்துவிடலாம்.

அழித்தார். ரேலே சொன்னது சரியென்றால் நீலமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. முன்னைவிட அடர்த்தியாகத் தெரிந்தது!

அப்படியானால் நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதி, பம்பாய் துறைமுகத்திலிருந்து ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பிவைத்தார். பிறகு ஏழு வருஷம்... மாணவர்களோடு திரவம் திரவமாக ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். 1928 பிப்ரவரி 28 அன்று, கே.எஸ்.கிருஷ்ணனின் துணையோடு, சிதறிய ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வெளிவருவது உறுதியானது. அதுதான் ராமன் விளைவு. 1930-ல் நோபல். அறிவியலில் அந்தப் பரிசு பெற்ற முதல் ஆசியர்.

கதை இதோடு முடிந்தால் வசதி. ஆனால், ராமன் சொன்ன பதிலும் முழுசு இல்லை. கடல் நீலத்துக்கு முக்கியக் காரணம், தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவது. சிதறல் மிச்சமிருக்கும் நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. ரேலே பதிலை ராமன் திருத்தினார். ராமன் பதிலைப் பின்னால் வந்தவர்கள் நிரப்பினார்கள்.

குழந்தை மனசு என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். கண்ணை அகல விரித்து வியப்பது மட்டும் அல்ல அது. எத்தனை பெரிய மனுஷன் பதில் சொன்னாலும், ‘நிஜமாவா?’ என்று இன்னொரு தடவை கேட்கிற பிடிவாதம். பெரியவர்களான பிறகு நாம் தொலைப்பது கேள்விகளை அல்ல. அடுத்தவர் தந்த பதில்களோடு திருப்திப்பட்டுப் போகிறோம், அவ்வளவுதான். ஆச்சரியம் நம்மிடமும் உண்டு. சட்டைப்பையில் பட்டகம்தான் இல்லை.

1948-ல் பெங்களூரில் தன் பெயரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார் ராமன். வைரம், கிளிஞ்சல், பட்டாம்பூச்சி என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி சேர்த்துவைத்தார். வயதான காலத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது பூக்கள். இந்தப் பூ ஏன் இந்த நிறம்? அதை நம் கண் எப்படிப் பார்க்கிறது? 1968-ல் பார்வையைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். அப்போது அவருக்கு 80 வயது நெருங்கிக்கொண்டிருந்தது.