கூலி என்ற சொல்லும் மாத்தளைப் பாதையும்

தமிழிலே கூலி என்பது ஊதியம். உழைத்தவன் கைக்கு வந்துசேர வேண்டிய பொருள் அது. அதனைப் பெறுபவன் கூலியாள். ஐரோப்பிய வணிகர் இச்சொல்லைத் தம் மொழிகளில் ஏற்றுக்கொண்டபோது 'ஆள்' உதிர்ந்துபோயிற்று. 'கூலி' மட்டும் நின்றது. குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரே இச்சொல்லுக்கு மூலம் என்பாரும் உளர். அஃது எவ்வாறாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசிய உழைப்பாளி எந்த நாட்டிற் கால்வைத்தாலும் இப்பெயர் அவனுக்கு முன்னரே அங்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சீனத் தொழிலாளர்மீது கலிபோர்னியா 1862இல் வரி விதித்த சட்டம் கூலி எதிர்ப்புச் சட்டம் என்றே வழங்கலாயிற்று. இலண்டனிற் சட்டம் பயின்று 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளும் அங்கிருந்த வெள்ளையருக்குக் 'கூலி பாரிஸ்டர்' ஆனார்.

இலங்கையின் மலைநாட்டுக்கு இச்சொல் வந்துசேர்ந்த வாயில் மாத்தளை. 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை அடுத்த இரு தசாப்தங்களிற் கண்டி மலைச்சாரல்களில் விரிந்து பரவியது. திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து, கங்காணியின் பின்னே கூட்டங் கூட்டமாக மக்கள் புறப்பட்டனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக ஏறத்தாழ 150 மைல் நடந்தே மாத்தளையை அடைந்தனர். அதன்பின்னரே அவரவர் தோட்டத்துக்குப் பிரிந்து செல்லுதல். இவ்வழியையே ஆவணங்கள் வடபாதை எனக் குறிக்கின்றன.

அப்பாதையில் வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் கொண்டுபோன உயிர்கள் பல்லாயிரம். நடக்க இயலாதவர் வழியோரத்திலேயே விடப்பட்டனர். நல்ல தண்ணீரும் தங்குமிடமும் இல்லாத வழி அது என்பது எவர்க்குந் தெரியும். எனினும் நோய் பரவியபோது, பழி பாதையின்மேல் விழவில்லை, நடந்தவன்மேல் விழுந்தது. கூலி அழுக்கன், கூலி நோய் கொண்டுவருபவன் என்ற எண்ணம் அதிகாரிகளிடத்தும் வழிக் கிராமங்களிலும் வேரூன்றியது. பாதையின் கொடுமையைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் மாத்தளையில் ஒரு மரத்தடியில் மாரியம்மனை வைத்து வணங்கினர் என்பது மரபு. 1874இல் அங்கே கட்டப்பட்ட முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் இன்றும் மாசி மகத்தில் அந்நகரத்து வீதிகளிலே வருகின்றன.

தோட்டத்துக்குள் மொழியே ஓர் எல்லைக்கோடாயிற்று. புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென்று ஒரு கைந்நூல் கொழும்பில் வெளியாயிற்று. அந்நூலின் பெயரே 'இங்கே வா' என்பதுதான். 'வாருங்கள்' அன்று, 'வா'. தமிழில் ஒருவரை விளிப்பதற்கு எத்தனை படிகள் உண்டு என்பதைத் தமிழர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வயது முதிர்ந்த பெரியவர் ஒருவரை, இருபது வயது இளைஞன் அழைப்பதற்குக் கற்ற முதற் சொல் அதுவாயின், அவன் அந்த மக்களை எத்தகையோராய்க் காணப் பழகியிருப்பான் என்பதை ஊகிக்கலாம். 1915இல் வெளியான மற்றொரு நூல் அம்மொழிக்குக் 'கூலித் தமிழ்' என்றே பெயர் சூட்டியது. ஏவலுக்கும் அதட்டலுக்கும் வேண்டிய அளவே அதிலுள்ள தமிழ். மக்களின் பேச்சு வளத்தை அறியாதவர்கள் அவர்களை மந்தபுத்தியுடையோர் என்று எழுதி வைத்ததில் வியப்பில்லை.

பின்னர்ப் புகையிரதம் வந்தது, கோப்பி அழிந்து தேயிலை வந்தது, வடபாதை மூடப்பட்டது. மண்டபம் முகாமிலே மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத்துண்டைக் கழுத்தில் அணிந்தே தொழிலாளர் இலங்கைக்குள் வந்தனர். அரசாங்கம் அறிய, அரசாங்கத்தின் சோதனையோடு வந்தவர்கள் இவர்கள். இவர்களின் பேரர்களை நோக்கியே பிற்காலத்திற் 'கள்ளத்தோணி' என்ற வசை எழுந்தது. அனுமதியின்றிக் கடல் கடந்தோரைக் குறித்த அத்தமிழ்ச் சொல் சிங்களத்திலும் புகுந்து, சந்தையிலும் பேருந்திலும் எந்தத் தோட்டத் தொழிலாளிமீதும் வீசக்கூடிய கல்லாயிற்று.

வசை சட்டமாக மாற நெடுங்காலம் ஆகவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவனிடமே அவன் தந்தையும் இங்குப் பிறந்தார் என்பதற்குச் சான்று கேட்டது. லயத்திலே பிறந்து லயத்திலே மடிந்தவர்களிடம் பத்திரம் ஏது? ஏழு இலட்சம் பேரளவில் நாடற்றோராயினர். 1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஊர் மாறியவர்களுக்குப் பெயரும் மாறியது. இலங்கையில் இந்தியர் எனப்பட்டவர் நீலகிரித் தேயிலைக் காடுகளிற் 'சிலோன்காரர்' எனப்பட்டார்.

இனி, தமிழர் தம் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டிய இடமொன்றுண்டு. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் மாத்தளை மாவட்டத் தோட்டங்களும் தாக்கப்பட்டன. உயிர்தப்பிய குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் அதற்கப்பாலும் சென்றன. முன்னோர் வந்த அதே திசையில், அதே ஊர்களைக் கடந்து, இம்முறை வடக்கு நோக்கி. தம் மொழி பேசுவோரிடையே அவர்களுக்குப் புகலிடம் கிடைத்தது. காடு வெட்டிக் கழனியாக்கும் வேலையும் கிடைத்தது. ஆனால் அங்கேயும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் காத்திருந்தது. சம்பந்தம் பேசும்போதும் பள்ளிக்கூடத்திற் பிள்ளையைச் சேர்க்கும்போதும் அது தலைகாட்டியது. மலைநாட்டுச் சிறுவரும் சிறுமியரும் வடக்கின் வசதியான இல்லங்களில் வீட்டுவேலைக்கு வைக்கப்பட்ட வழக்கம் அதற்கும் முந்தியது. வெள்ளைத் துரையின் 'வா' அந்த அடுக்களைகளிலும் ஒலித்தது. கூறியவர் தமிழர் என்பதே வேறுபாடு.

பிரஜாவுரிமைச் சிக்கல் படிப்படியாகத் தளர்ந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்கு உரிமை வழங்கியது. பெயரைப் பற்றிய வழக்கு அதனோடு தீரவில்லை. 1911 குடிசனக் கணக்கெடுப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனப் பிரித்தெழுதிய நாள்முதல், நான்கு ஐந்து தலைமுறை கடந்தவர்களும் ஏட்டில் இந்தியராகவே நின்றனர். மலையகத் தமிழர் என்ற பெயரை அம்மக்களே தெரிந்தெடுத்தனர்.

வருகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு, 2023 ஜூலை இறுதியிலே தலைமன்னாரிற் புறப்பட்ட ஓர் அணி, பழைய வடபாதையை நினைந்து 250 கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்பது அந்நடைக்கு அவர்கள் இட்ட பெயர். அடுத்த ஆண்டில் நடந்த குடிசனக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்ற சொல்லுக்கு அருகே, ஒரு சாய்கோட்டுக்கு அப்பால், மலையகத் தமிழர் என்பதும் அச்சாகியிருந்தது.