ஆட்டுக்குட்டிக்காக ஒரு சண்டை



பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், இயேசுவை ஏன் ஆட்டுக்குட்டின்னு சொல்றாங்க? சிங்கம்னு சொன்னாத்தானே சாமிக்குப் பெருமை?"

சிங்கம் என்றும் சொல்லியிருக்கிறார்கள் அம்மா. பைபிளின் கடைசிப் புத்தகம், 5-ஆம் அதிகாரம். யூதாவின் சிங்கம் வென்றுவிட்டது என்று ஒரு மூப்பர் அறிவிக்கிறார். யோவான் பார்க்கிறார், அங்கே நிற்பதோ அறுக்கப்பட்ட ஆட்டுக்குட்டி! அடித்து வென்றவர் அல்ல, பலியாகி வென்றவர் என்பது அதன் பொருள். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலை பெற்ற இரவில் அறுத்த பஸ்கா ஆடுதான் இதற்கு மூலம்.

ஆகவே பழைய ஆலயங்களில் இயேசுவை ஆட்டுக்குட்டியாகவும் வரைந்தார்கள். இத்தாலியில் ரவென்னா நகரத்து சான் விட்டாலே ஆலயத்தின் விதானத்தில், 6-ஆம் நூற்றாண்டு மொசைக்கில், விண்மீன்களுக்கு நடுவே ஓர் ஆட்டுக்குட்டியை இன்றும் பார்க்கலாம்.

692-இல் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன் கான்ஸ்டான்டிநோபிளில் கூட்டிய திருச்சபைச் சங்கம் இதை நிறுத்தச் சொன்னது. அதன் 82-ஆம் விதி சொல்வது இது: ஆட்டுக்குட்டி என்பது நிழல். நிஜம் வந்துவிட்டது. இனி மனித உருவிலேயே வரையுங்கள். அப்போதுதான் அவர் பட்ட பாடும் மரணமும் நினைவில் நிற்கும்.

ரோமில் போப் முதலாம் செர்ஜியஸ் கையெழுத்துப் போட மறுத்தார். குருமார் திருமணம் போன்ற வேறு விதிகளும் ரோமுக்கு ஒப்பவில்லை. அவரைக் கைதுசெய்யச் சக்கரியாஸ் என்ற அதிகாரி வந்தார். ரவென்னாவிலிருந்து வீரர்கள் போப்பைக் காக்கத் திரண்டு வரவே, நடுங்கிப்போன அதிகாரி போப்பின் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாராம்! போப்புகளின் வரலாற்றைச் சொல்லும் பழைய நூலில் இருக்கிறது. அவரைக் காப்பாற்றியதும் போப்தான்.

திருப்பலியில் அப்பம் பிட்கும்போது 'இறைவனின் செம்மறி' என்று பாடும் வழக்கத்தை ஏற்படுத்தியவரும் இதே செர்ஜியஸ்தான் என்கிறது அந்த நூல். சங்கத்துக்கு அவர் கொடுத்த பதில் அது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நம் ஊர்க் கத்தோலிக்கக் கோவில்களிலும் அதைக் கேட்டிருப்பீர்கள்.

கிழக்கே ஐகான்களில் மனித முகமே நிலைத்தது. ஆனால் ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் அர்ச்சிப்பதற்காக வெட்டியெடுக்கும் அப்பத்துண்டுக்கு இன்றும் பெயர் 'ஆட்டுக்குட்டி'. படம் போயிற்று, பெயர் போகவில்லை.

வரையாதே என்றவர்களும் பாடு என்றவர்களும் காக்க நினைத்தது ஒன்றைத்தான்: அந்த மரணம் மறந்துபோகக் கூடாது. பெருமைக்கு வைத்த பெயர் இல்லையம்மா அது. பலியை நினைக்க வைத்த பெயர்.