பொறியியல் கல்வியில் ஆங்கிலத் தொடர்புத்திறன்: பாடப்பெயர் மாற்றங்கள் உணர்த்தும் வரலாறு

முன்னுரை

தமிழகத்தில் பொறியியல் கல்வி தொடக்கம் முதலே ஆங்கிலவழிக் கல்வியாக அமைந்தது. காலப்போக்கில் ஆங்கிலப் பாடத்தின் நோக்கம் மாறியுள்ளது. அம்மாற்றத்தை மாணவர் பின்புலத்தோடு இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கநிலை

1794இல் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் சென்னையில் நிலஅளவைப் பள்ளி தோன்றியது. ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் வளர்ந்த அனாதை இல்லத்துச் சிறுவர்கள் அதில் பயிற்சி பெற்றனர். ஆங்கிலம் அவர்கள் புழங்கிய மொழி. அப்பள்ளி 1859இல் பொறியியல் கல்லூரியாக உயர்ந்தது. 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று.

மாணவர் பின்புலம்

1980களில் சுயநிதிக் கல்லூரிகள் தோன்றின. 2007இல் நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது. இவற்றால் சிற்றூர்களில் தமிழ்வழி பயின்றோர்க்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் பொறியியல் கல்வியின் வாயில் அகன்றது. இவர்களுக்கு ஆங்கிலம் ஒரே வேளையில் பயிற்றுமொழி, தேர்வுப்பாடம், வேலைவாய்ப்பு நேர்காணலின் மொழி என மூன்று நிலைகளில் எதிர்ப்படுகிறது.

பாடப்பெயர்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் முதலாண்டின் இரு பருவங்களிலும் 'டெக்னிக்கல் இங்கிலீஷ்' இடம்பெற்றது. 2017இல் முதற்பருவப் பாடம் 'கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்' ஆயிற்று. 2021இல் இரு பருவங்களுக்கும் 'புரொஃபஷனல் இங்கிலீஷ்' என்னும் பெயர் அமைந்தது. முதற்பருவத்தில் ஆங்கில ஆய்வகமும் இடம்பெற்றது. துறைசார் மொழியறிவு, மொழிப்பயன்பாடு, பணியிடத் தேவை என அழுத்தம் நகர்ந்தமையை இப்பெயர்கள் காட்டுகின்றன.

எனினும், பணியிட ஆங்கிலம் பொது ஆங்கில அடித்தளத்தின்மீதே எழுப்பத்தக்கது. தமிழ்வழி மாணவர் அவ்வடித்தளத்தையும் அதன் மேற்கட்டுமானத்தையும் ஒருசேர எழுப்ப வேண்டியுள்ளது. அதே பருவத்தில் கணிதம், இயற்பியல் ஆகியவற்றையும் புதிய மொழியில் கற்கிறார். ஆகவே வகுப்பில் அவர் காக்கும் மௌனத்தை அறியாமை எனக் கொள்வது பிழையாகும்.

தமிழ்வழிப் பொறியியல்

2010இல் குடிமைப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. பொருளறிவு மொழித்தடையின்றி வாய்க்க வேண்டும் என்பதற்கு இது வழிகோலியது. ஆயினும் பன்னாட்டு நிறுவனங்களின் பணிகளை நாடுவோர்க்கு ஆங்கிலத் தேவை தொடர்கிறது.

முடிவுரை

பாடத்தின் பெயரை மாற்றுவதால் மட்டும் திறன் வளர்ந்துவிடாது. தமிழில் தெளிந்த பொருளை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கப் பயிற்றும் இருமொழி அணுகுமுறை, பொருளறிவையும் தொடர்புத்திறனையும் இணைக்கவல்லது. அப்பொறுப்பு ஆங்கில ஆசிரியரோடு நில்லாமல் துறை ஆசிரியரையும் சாரும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.