ஸர்உ: வீழ்த்தும் நோயும் வீழாத முதியோரும்

கால்கை வலிப்பை அரபு மருத்துவ நூல்கள் ‘ஸர்உ’ என்றழைத்தன. வீழ்த்துதல் என்பது அச்சொல்லின் பொருள். நோயாளி திடீரெனத் தரையில் வீழ்வதே அந்நோயின் அடையாளமாகக் கருதப்பட்டது.

ஹிப்போகிரட்டஸ் மரபைச் சார்ந்த ‘புனித நோய்’ எனும் கிரேக்க நூல், வலிப்பின் இருப்பிடம் மூளையே என வாதிட்டது. 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோரின் மொழிபெயர்ப்புகளால் கிரேக்க மருத்துவம் பக்தாதில் வேரூன்றியது. அதன் வழிவந்த இப்னு ஸீனா (980–1037), ‘அல்கானூன் ஃபித்திப்’பின் மூன்றாம் பாகத்தில் ஸர்உவைத் தலை நோய்களுள் வைத்து ஆராய்ந்தார். மூளையிலேயே தோன்றும் வலிப்பையும் வயிறு முதலிய உறுப்புகளின் கோளாற்றால் எழும் வலிப்பையும் வேறுபடுத்தினார். அவர் நம்பிய நாற்சாறுக் கொள்கை இன்று வழக்கிழந்துவிட்டது. உடலுக்குள் காரணம் தேடிய அவரது நெறியோ நிலைத்திருக்கிறது. தீய ஆவிகளால் நேரும் ஸர்உ உண்டென நம்பிய இப்னுல் கைய்யிமும் (1292–1350), உடற்காரணத்தால் விளையும் மற்றொரு வகையைத் தனியே ஏற்றுக்கொண்டார்.

ஸர்உவால் துன்புற்ற பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. பொறுமைக்குச் சுவனம் உண்டென்று கேட்ட அவர் பொறுமையையே தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். அவ்வாறே நபியவர்கள் துஆச் செய்தார்கள். நோயாளியின் மானமும் காக்கப்பட வேண்டியது என்பதை இங்கு நாம் உணர்கிறோம்.

1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர், மூளை படிப்படியாகச் சிதையும் மறதி நோயொன்றை விவரித்தார். அவர் பெயர் தாங்கிய அந்நோய்க்கு ஆளானோரிடம், அதே வயதுடைய ஏனையோரைவிட வலிப்பு மிகுதியாகக் காணப்படுவதை இன்று நாம் அறிவோம். ஆனால் அவர்களுட் பலர் வீழ்வதில்லை, கைகால் வெட்டுவதுமில்லை. சிறிது நேரம் வெறித்த பார்வை, உதடுகளின் அசைவு, பின்னர் ஒரு குழப்பம், அவ்வளவே. ஸர்உ எனும் பெயர் இங்குப் பொருந்தவில்லை. ஆகவே மறதி முற்றிவிட்டது என்றோ ஜின்னின் தீண்டல் என்றோ வீட்டார் எண்ணிவிடுகின்றனர்.

ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். எனினும் வலிப்பில்லாத வேளையில் எடுக்கும் பதிவு இயல்பாகவே தோன்றக்கூடும். எனவே என்ன நிகழ்ந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என வீட்டார் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுவது பெருந்துணையாகும். மறதியை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. வலிப்பையோ மருந்துகளால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம்.

அறிந்தபின் ஒன்றும் அறியாதவராகும் முதுமையை அந்நஹ்ல் அத்தியாயம் (16:70) சுட்டுகிறது. முதுமையுற்ற பெற்றோரைச் ‘சீ’ என்றும் சொல்லலாகாதென பனீ இஸ்ராயீல் அத்தியாயம் (17:23) விலக்குகிறது. தீர்க்கவியலும் ஒரு துன்பத்தை முதுமையின் கணக்கில் எழுதிவிட்டு வாளாவிருப்பதும் அவர்களுக்கு நாம் இழைக்கும் குறையே.